கேரவன் டிரெய்லரில் கேபிளும் டிஷ்ஷும்: குமுளி மலைப்பக்கம் வருவோருக்கான வழிகாட்டி

வீட்டில் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி நட்டை முடுக்கிவிட்டால் வருடக்கணக்கில் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் டிரெய்லரிலோ ஒவ்வொரு தங்கலிலும் அதைப் புதிதாகத் திருப்பியாக வேண்டும். வீட்டில் கேபிள்காரர் ஒயரை டிவி வரை இழுத்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். டிரெய்லரில் சுவருக்குள் ஓடும் ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை, அதில் தங்குகிற நீங்கள்தான் அறிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் மற்றவை எளியவை. பழகிக்கொள்ளாதவர்கள், மழை பிடித்துக்கொண்ட மாலையில் பெரியவர்கள் தொடர் பார்க்கக் காத்திருக்கும்போது, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு டிரெய்லரைச் சுற்றிவர நேரிடும்.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. கேரவனை நிறுத்தித் தங்கும் இடமான கேரவன் பார்க், மாநிலத்தில் முதலாவதாக 2022-இல் வாகமணில் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிக் குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு வழியாக வாகமண் போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கீழே வரும் கோணங்கள் அனைத்தும் குமுளிக்குக் கணக்கிட்டவை. தேனியிலோ வாகமணிலோ நின்றாலும் அவை ஓரிரு பாகைக்கு மேல் மாறாது.

முதலில் வழிகளைப் பிரித்தறியுங்கள்

டிரெய்லருக்குள் படம் வர மூன்று வழிகள் உண்டு: கூரையில் உள்ள ஆண்டெனா, பார்க்கில் கிடைக்கும் கேபிள் இணைப்பு, டிஷ். இம்மூன்றும் ஒரே மாதிரியான கறுப்பு ஒயரில், ஒரே மாதிரியான திருகு கனெக்டரில் வருவதால் ஒன்றுக்குப் பதில் ஒன்றை மாட்டலாம் என்று தோன்றும். ஆனால் அவை சுமக்கும் அலைவரிசைகள் வேறு. கேபிள் டிவி ஏறத்தாழ 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஓடுகிறது. டிஷ்ஷின் கைமுனையில் அலையை வாங்கும் சிறு கருவியான எல்.என்.பி. கீழே அனுப்புவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அதோடு, டிஷ் ஒயரில் மின்சாரமும் மேல்நோக்கிப் போகிறது: செட்-டாப் பாக்ஸ்தான் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி எல்.என்.பி.யை இயக்குகிறது. எனவே டிஷ் ஒயரை ஒருபோதும் கேபிளுக்கான சுவிட்ச், சிக்னலைக் கூட்டும் பூஸ்டர், அதைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. அவை அந்த அலைவரிசையைக் கடத்தாது; அந்த வோல்டேஜ் போகக் கூடாத இடத்துக்குப் போய்ப் பொருளைப் பழுதாக்கவும் கூடும்.

ஆண்டெனாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்கள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், இந்த மலைப்பகுதியில் கூரை ஆண்டெனாவை நம்பிப் பயனில்லை. ஆனாலும் வெளிநாட்டு அமைப்பில் கட்டப்பட்ட டிரெய்லர்களில் அந்த ஆண்டெனாவும் அதற்குரிய பூஸ்டரும் இருக்கின்றன. பயன்படாத அந்தப் பூஸ்டர்தான் புதிதாக வருபவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது.

டிவிக்குப் பக்கத்திலோ அலமாரிக்குள்ளோ ஒரு சிறிய சுவர்ப்பலகை இருக்கும். அதில் ஓர் அழுத்து சுவிட்சும், சிவப்பிலோ பச்சையிலோ எரியும் கடுகளவு விளக்கும் இருக்கும். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், கூரை ஆண்டெனாவின் பூஸ்டருக்கு 12 வோல்ட் போகும், அதே நேரத்தில் வெளிச்சுவரில் உள்ள கேபிள் இணைப்பு துண்டிக்கப்படும். சுவிட்சை அணைத்தால்தான் வெளியிலிருந்து வரும் கேபிள் டிவிக்குப் போய்ச் சேரும். பார்க் கேபிளை மாட்டியும் ‘சிக்னல் இல்லை’ என்று திரையில் வந்தால், வெளியே போய் ஒயரைப் பிடுங்கி மாட்டுவதற்கு முன் இந்த விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கையறையில் இரண்டாவது டிவி இருந்தால், அதற்கான இணைப்பும் பெரும்பாலும் இந்தப் பலகையிலிருந்துதான் போகும்.

வெளிச்சுவரில் உள்ள மூடியைத் திறந்தால் ஒன்றோ இரண்டோ திருகு முனைகள் தெரியும். இரண்டு இருந்தால் ஒன்று கேபிளுக்கு, மற்றொன்று டிஷ்ஷுக்கு. டிஷ்ஷுக்கானது எந்தப் பலகையையும் தொடாமல் நேராக டிவியின் பின்புறம் வரை வந்திருக்க வேண்டும். பெயர் எழுதப்படாமலோ அழிந்தோ இருந்தால் மல்டிமீட்டரைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, வெளிமுனையில் நடுக்கம்பித் துளையையும் வெளி வளையத்தையும் ஒரு சிறு ஒயர்த்துண்டால் இணையுங்கள். பிறகு உள்ளே வந்து, ஒவ்வொரு முனையிலும் நடுவுக்கும் வளையத்துக்கும் இடையே, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். மீட்டர் ஒலி எழுப்பும் முனைதான் அந்த ஒயரின் மறுமுனை. எந்த முனையிலும் ஒலி வரவில்லை என்றால் இடையில் பலகையோ ஸ்ப்ளிட்டரோ இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த வழியை டிஷ்ஷுக்குப் பயன்படுத்த வேண்டாம். கண்டுபிடித்த கையோடு இரண்டு முனைகளிலும் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு முனைதான் இருக்கிறது, அதுவும் பலகைக்குப் போகிறது என்றால், டிஷ் ஒயரை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே எடுத்து நேரே பாக்ஸில் மாட்டுவதே இப்போதைக்குச் சரியான வழி. நிரந்தரமாகத் துளை போட விரும்பினால் டிரெய்லர் கட்டித்தரும் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். சுவருக்குள் மின் ஒயர் எங்கே போகிறது என்று தெரியாமல் ட்ரில்லை வைப்பது ஆபத்து.

பார்க்கின் கேபிளை மாட்டுவது

கேபிள் டிவி சட்டத்துக்கு 2011-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு நாடெங்கும் படிப்படியாகக் கேபிள் டிஜிட்டலாக்கப்பட்டது. அதன் விளைவாக, ஒயரை நேரடியாக டிவியில் செருகினால் இன்று படம் வராது. அந்த ஒயர் எந்த நிறுவனத்தின் கட்டமைப்போ, அந்த நிறுவனத்தின் செட்-டாப் பாக்ஸ் கட்டாயம் வேண்டும். கம்பத்தில் உங்கள் வீட்டில் உள்ள தமிழ்நாடு அரசு கேபிள் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இருபது கிலோமீட்டர் சொச்சம் மேலே குமுளிக்கு வந்தால் அது வேலை செய்யாது. மாநில எல்லை அதற்குக் காரணம் இல்லை. அந்த பாக்ஸுக்குரிய குறியாக்கமும் கட்டுப்பாட்டு மையமும் வேறு என்பதே காரணம். ஆகவே இடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். குமுளிப் பக்கம் தமிழில் பேசினாலே புரிந்துகொள்வார்கள்: “சேட்டா, டிவி பாயின்ட்டுக்கு பாக்ஸும் ரிமோட்டும் நீங்க தருவீங்களா? தமிழ் சேனல் அதுல வருமா? பாயின்ட்டுக்கும் வண்டி நிக்கிற இடத்துக்கும் எவ்வளவு தூரம்?” இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், டிஷ்ஷை எடுத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் மின் இணைப்பைக் கொடுங்கள். கேபிளைக் கடைசியில் மாட்டுங்கள். பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு கருவி எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அதை வாங்கி வைத்திருக்க வேண்டும். மாட்டும்போது டிவியும் பாக்ஸும் அணைந்திருக்கட்டும். கேபிளின் வெளி வளையத்துக்கும் டிரெய்லரின் உலோகப் பகுதிக்கும் இடையே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்து, குறிப்பிடத்தக்க வோல்டேஜ் தெரிந்தாலோ, கனெக்டரைத் தொடும்போது விரலில் சுரீரென்றாலோ, அதை மாட்டாமல் பார்க் ஊழியரைக் கூப்பிடுங்கள். தரை ஈரமாக இருக்கும் ஊர் இது. இந்த ஒரு விஷயத்தில் அவசரம் கூடவே கூடாது.

அதன் பிறகு வேலை சிறியது. பார்க்கின் பாயின்டிலிருந்து உங்கள் ஒயரை டிரெய்லரின் கேபிள் முனைக்குத் திருகுங்கள், பூஸ்டர் சுவிட்சை அணையுங்கள், டிவிக்குப் பின்னால் உள்ள முனையிலிருந்து பார்க் கொடுத்த பாக்ஸுக்கு ஒரு சிறு ஒயர், பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ. டிவியின் மூலத்தை (சோர்ஸ்) அந்த எச்டிஎம்ஐக்கு மாற்றினால் படம் வந்துவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் பாக்ஸை வெளியே எடுத்துச் சென்று பார்க்கின் பாயின்டிலேயே நேரடியாக மாட்டிச் சோதித்துப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் குறை உங்கள் டிரெய்லருக்குள் இருக்கும் ஒயரில் உள்ளது.

டிஷ்: இடம் பார்ப்பதுதான் பாதி வேலை

டிஷ்ஷின் பெரிய நன்மை, எல்லையைக் கடந்தாலும் அதே பாக்ஸ், அதே ரீசார்ஜ், அதே தமிழ்ச் சேனல்கள் என்பது. மாதக் கட்டணம் வேண்டாம் என்பவர்களுக்கு 2004-இல் தொடங்கப்பட்ட தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. முன்பு பொதிகை என்றிருந்து 2024-இல் டிடி தமிழ் ஆன சேனல் அதில் வரும். தமிழ்த் தனியார் சேனல்கள் குறைவு. தொடர்களும் கிரிக்கெட்டும் வேண்டும் என்பவர்கள் கட்டண டிடிஎச்சுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

எந்த டிஷ் ஆனாலும், நில நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளை அது தடையில்லாமல் பார்க்க வேண்டும். ஃப்ரீ டிஷ் வருவது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15-இலிருந்து. குமுளியிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 120 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 30 பாகை விலகி, தொடுவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில் இருக்கிறது. டிஷ் டிவி நிறுவனத்துக்குரிய 95 பாகைச் செயற்கைக்கோள் (இனி, கோள்) திசையில் 117, உயரத்தில் 66. டி2எச் பயன்படுத்தும் 88 பாகைக் கோள் திசையில் 131, உயரத்தில் 73. டாடா பிளேயின் 83 பாகைக் கோள் திசையில் 148, உயரத்தில் 77. ஏறக்குறைய தலைக்கு மேலேயே என்று சொல்லலாம். ஏர்டெல்லின் 108.2 பாகைக் கோள் மட்டும் சற்றுத் தாழ்வு: திசை 105, உயரம் 52. சன் டைரக்ட் 91.5, 93.5 ஆகிய இரண்டு பாகைகளையும் பயன்படுத்தி வந்திருப்பதால், உங்கள் பாக்ஸின் நிறுவல் மெனுவில் எது காட்டப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய ஒன்று தெரிகிறது. மலைச்சரிவில் இருக்கிறோமே, எதிரே உள்ள மலை மறைக்குமே என்று புதிதாக வருபவர்கள் கவலைப்படுகிறார்கள். அறுபத்தெட்டு பாகை உயரத்தில் இருக்கும் ஒன்றைத் தூரத்து மலை மறைக்க முடியாது. பக்கத்தில் உள்ள மரம் மறைக்கும். ஏலத்தோட்டமும் தேயிலைத்தோட்டமும் சூழ்ந்த இந்தப் பகுதியில் சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். கிளைகளும் இலைகளும், குறிப்பாக நனைந்த இலைகள், இந்த அலையை நன்றாகவே தடுத்துவிடும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 93.5 பாகைக் கோளுக்கு, தடையின் உயரத்தை இரண்டரையால் வகுத்தால் போதும். டிஷ்ஷின் பார்வைத் திசையில் 15 மீட்டர் மரம் நின்றால் அதிலிருந்து ஆறு மீட்டர், 25 மீட்டர் மரம் என்றால் பத்து மீட்டர். 83 பாகைக் கோளுக்கு நான்கால் வகுக்கலாம், 108.2-க்கு 1.3-ஆல் வகுக்க வேண்டியிருப்பதால் அதற்குத்தான் திறந்த இடம் அதிகம் தேவை. அடிமரத்தை வைத்துக் கணக்கிடாமல், உங்கள் பக்கம் நீண்டிருக்கும் கிளையின் நுனியிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

மார்ச் மாத நடுவிலோ செப்டம்பர் இறுதியிலோ வருகிறவர்களுக்கு இன்னும் நேரடியான சோதனை ஒன்று உண்டு. அந்த நாட்களில் காலை பதினோரு மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய ஜிசாட்-15 இருக்கும் இடத்துக்கே வருகிறது. அப்போது எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ அந்த இடத்தில் டிஷ்ஷை வைக்கலாம். நிழல் விழும் இடத்தை விட்டுவிடலாம். அதே நாட்களில் அதே நேரத்தில் சில நிமிடங்கள் படம் போய்த் திரும்பினால் பயப்பட வேண்டாம். சூரியனின் இரைச்சல் டிஷ்ஷுக்குள் விழுவதால் வருவது அது, தானே சரியாகிவிடும்.

இதனால்தான் டிஷ்ஷை டிரெய்லரின் கூரையில் பொருத்துவதைவிட, தனி முக்காலியில் தரையில் வைப்பதையே நான் எல்லாருக்கும் சொல்கிறேன். டிரெய்லருக்கு நிழல் வேண்டும். டிஷ்ஷுக்கு வெட்டவெளி வேண்டும். பதினைந்து மீட்டர் ஒயர் இருந்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். கூரையில் வைத்தால் வண்டி நிற்குமிடத்துக்கு டிஷ்ஷும் கட்டுப்படுகிறது. உள்ளே ஒருவர் நடக்கும்போது வண்டி லேசாக ஆடினாலும் டிஷ்ஷும் ஆடும். டிஷ் இவ்வளவு மேல்நோக்கிப் பார்ப்பதால் டிரெய்லரே அதை மறைக்குமோ என்ற அச்சமும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் போதும். ஏர்டெல்லுக்கு மட்டும் இரண்டரை மீட்டர் தள்ளுங்கள்.

திருப்பிப் பிடிப்பது

முக்காலியை விரித்ததும் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். சரிவான தரையில் ஒரு காலுக்கு அடியில் தட்டைக்கல் வைக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் எழுதியிருக்கும் உயரக்கோண அளவு பொய்யாகிவிடும். இடமும் வலமும் திருப்பத் திருப்ப உயரமும் சேர்ந்து மாறிக்கொண்டே போகும். அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் மூன்று பாகைதான் என்பதால், ஓரிரு பாகைப் பிழையே சிக்னல் கிடைக்காமல் போகப் போதுமானது.

அடுத்து (இங்கே ஃப்ரீ டிஷ்ஷின் எண்களை எடுத்துக்கொள்கிறேன்; மற்றவர்கள் மேலே சொன்ன தங்கள் கோளின் எண்களை வையுங்கள்), பின்னால் உள்ள அளவுகோலில் உயரத்தை 68-க்கு வைத்து நட்டை லேசாக முடுக்குங்கள். இப்போது டிஷ்ஷைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது அவ்வளவு மேலே பார்ப்பதாகவே தோன்றாது. நம் வீட்டு டிஷ்களில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருப்பதால், தட்டின் முகம் பார்க்கும் திசைக்கு மேலே ஏறத்தாழ 22 முதல் 25 பாகை உயரத்திலிருந்துதான் அது அலையை வாங்குகிறது. முகம் 45 பாகைக்கு அருகில் சாய்ந்திருந்தால் பார்வை 68-இல் இருக்கிறது. இதை அறியாமல் தட்டையே வானத்தைப் பார்க்கும்படி மல்லாத்திவிட்டு, சிக்னல் இல்லை என்று வருந்துபவர்கள் பலர். தட்டின் நேர்ப்பார்வைக்கு மேலே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால், அதுதான் மறைக்கிறது என்பதும் இதனால்தான்.

திசைக்குக் கைபேசியின் திசைகாட்டி போதும். ஆனால் அதை டிரெய்லரின் தகரத்துக்கும் முக்காலிக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று 120 பாகைத் திசையில் தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு, திரும்பி வந்து எல்.என்.பி.யைத் தாங்கும் டிஷ்ஷின் கையை அந்தக் குறியை நோக்கித் திருப்புங்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் மெய்வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு பாகைக்குள்தான். தேடும்போது அது சரியாகிவிடும்.

இனி பாக்ஸையும் டிவியையும் போட்டு, சிக்னல் காட்டும் பக்கத்தைத் திறந்து, டிவி தெரியும்படி ஒருவரை உட்கார வையுங்கள். திரையில் இரண்டு பட்டைகள் வரும்: ஒன்று பலம், மற்றது தரம். பலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்; எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே, எந்தக் கோளையும் பார்க்காமலே, அந்தப் பட்டை பாதிக்கு மேல் நிற்கும். தரப்பட்டை எழுந்தால்தான் கோள் கிடைத்தது என்று பொருள். டிஷ்ஷை ஒரு விரல் அகலம் திருப்புங்கள், மூன்று நொடி நிறுத்துங்கள், மறுபடி ஒரு விரல் அகலம். பாக்ஸ் அலையை அடையாளம் காண அந்த நேரம் தேவை. நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது. இரு பக்கமும் இருபது பாகை தேடியும் எழவில்லை என்றால் உயரத்தை இரண்டு பாகை கூட்டியோ குறைத்தோ மறுபடி தேடுங்கள்.

தரம் எழுந்தும் சேனல்கள் வரவில்லை என்றால் பக்கத்துக் கோளைப் பிடித்திருக்கிறீர்கள். 91.5, 93.5, 95 ஆகிய மூன்றும் நெருங்கி நிற்பதால் இது அடிக்கடி நடக்கும். சற்று நகர்த்தித் தேடுங்கள்.

கடைசியாக எல்.என்.பி.யைத் தன் பிடிக்குள் மெல்லச் சுழற்றித் தரம் எங்கே உச்சமாகிறது என்று பாருங்கள். நில நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம், கோளும் நேர்தெற்கிலிருந்து வெகுவாக விலகியிருக்கிறது. இதனால் இங்கே எல்.என்.பி. கணிசமாகச் சாய்ந்து நிற்க நேரும். வட இந்தியாவில் பொருத்திய படத்தைப் பார்த்து நேராக வைக்காதீர்கள். உச்சம் கிடைத்ததும் நட்டுகளை ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். உயரத்தின் அளவையும் எல்.என்.பி. நின்ற நிலையையும் பெயின்ட் பேனாவால் கோடிட்டு வைத்தால் அடுத்த தங்கலில் திசை ஒன்றைத்தான் தேட வேண்டியிருக்கும். இந்தப் பகுதிக்குள் அந்தக் கோடு செல்லுபடியாகும். வயநாட்டின் சுல்தான் பத்தேரி போனால் திசை மூன்று பாகையும் உயரம் இரண்டு பாகையும் மாறும். சென்னைப் பக்கம் போனால் திசை மட்டும் பதினான்கு பாகை தெற்காக நகர்ந்துவிடும்.

ஒயரும் கனெக்டரும்

ஒயர் 75 ஓம் ஆர்ஜி-6 ஆக இருக்கட்டும். டிஷ்ஷிலிருந்து பாக்ஸ் வரை இருபது மீட்டருக்குள் இருந்தால் இழப்பைப் பற்றிக் கவலை இல்லை. கடையில் கொடுக்கும் திருகு வகை எஃப் கனெக்டர் வீட்டுச் சுவரில் இருந்தால் போதும். மலைச்சாலையில் குலுங்கி வரும் டிரெய்லருக்கு, அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன் வகைதான் தாங்கும். கனெக்டர் போடும்போது வெளி உறையைச் சீவியதும் உள்ளே வலைபோல மெல்லிய இழைகள் இருக்கும். அவற்றை ஒன்றுவிடாமல் பின்னோக்கி மடித்துவிட வேண்டும். தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஷார்ட் ஆகி, திரையில் எல்.என்.பி. பழுது என்று செய்தி வரும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டு, வளையாமல் நேராக இருக்கட்டும்.

டிரெய்லருக்குள் நுழையும் இடத்தில் ஒயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்து மேலேற்றுங்கள். மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. இரண்டு டிவிக்கும் தனித்தனியாகச் சேனல் மாற்ற வேண்டும் என்றால் இரட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி.யும் இரண்டு பாக்ஸும் வேண்டும். கேபிள் ஸ்ப்ளிட்டர் இதற்கு ஆகாது.

மின்சாரம் பெரிய விஷயம் இல்லை. இருபத்து நான்கு அங்குல எல்இடி டிவியும் பாக்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 45 வாட் என்று கொண்டால், மூன்று மணி நேரத்துக்கு 135 வாட்-மணி. நூறு ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே 600 வாட்-மணி கிடைக்கும். பல பாக்ஸ்கள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதைப் பார்த்து அவற்றை நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14 வோல்ட்டுக்கு மேல் போகும். இடையில் 12 வோல்ட் ரெகுலேட்டர் வையுங்கள்.

காற்று, மழை, இடி, குரங்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை கம்பம் கணவாய் வழியே வீசும் காற்றில் முக்காலி நிற்காது. இருபது லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பி முக்காலியின் நடுவில், தரையை ஒட்டியபடி கயிற்றில் தொங்கவிட்டால் இருபது கிலோ எடை கிடைக்கும். காலி கேன் பயணத்தில் பாரமும் இல்லை. மழை கொட்டும்போது படம் போவது இந்த அலைவரிசையின் இயல்பு. மழை தணிந்ததும் வந்துவிடும், டிஷ்ஷைத் தொட வேண்டாம். மூடுபனி மட்டும் படத்தைக் கெடுப்பதில்லை, எல்.என்.பி.யின் மூடியில் நீர் படிந்திருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி மழைக்காலத்திலும் இங்கே மதியத்துக்குப் பின் இடி மின்னல் கடுமையாக இருக்கும். வானம் இருண்டு முதல் இடி காதில் விழுவதற்கு முன்பே டிஷ் ஒயரையும் பார்க் கேபிளையும் டிரெய்லரின் வெளிமுனையில் கழற்றிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிவிட்டால் வெளியே போகாதீர்கள், அந்த ஒயர்களைத் தொடவும் செய்யாதீர்கள். டிவி போனால் போகட்டும். தேக்கடிப் பக்கம் குரங்குகள் தொங்கும் ஒயரை இழுத்துக் கடிப்பதுண்டு. ஒயரைத் தரையோடு ஓட்டி, ஆள் நடக்கும் இடத்தில் மட்டும் பழைய தண்ணீர்க் குழாய்க்குள் நுழைத்து விடுங்கள்.

கிளம்பும்போது வெளிமுனைகளின் மூடியைத் திருகி அடைப்பது முக்கியம். ஈரம் புகுந்து பச்சை பிடித்த முனையால்தான் அடுத்த ஊரில் படம் உடைகிறது. எல்.என்.பி. கையை மடிக்க முடிந்தால் மடித்து, டிஷ்ஷைப் போர்வையில் சுற்றி நிற்கவைத்து எடுத்துச் செல்லுங்கள். தட்டு நெளிந்தால் பிறகு எத்தனை திருப்பினாலும் தரம் ஏறாது. பாக்ஸைப் பல மாதம் போடாமல் வைத்திருந்தால் ரீசார்ஜ் செய்த பின்னும் சேனல்கள் பூட்டியே இருக்கலாம். சிக்னல் தரம் நன்றாக உள்ள நிலையில் பாக்ஸைப் போட்டபடியே வைத்து, அந்த நிறுவனத்தின் செயலியில் ரிஃப்ரெஷ் கோரிக்கை அனுப்புங்கள். இதற்குக் கைபேசி சிக்னல் தேவை என்பதால், பீருமேட்டுக்கு மேலே தோட்டங்களுக்குள் போவதற்கு முன், குமுளியிலேயே ஒருமுறை டிஷ்ஷை விரித்து இதைச் செய்துகொள்வது நல்லது.